அத்தியாயம் 7: கரண்ட் வைத்துப் பெடல் மிதித்தல்

பக்கவாதத்துக்குப் பிறகு சொன்ன பேச்சு கேட்காத காலை மறுபடி வேலைக்குப் பழக்கும் வழிகளில் ஒன்றை இந்த அத்தியாயம் சொல்கிறது. பிசியோதெரபிக்குப் போய்வந்த வீடுகளில் 'கால்ல கரண்ட் வச்சாங்க' என்பார்கள். அந்தக் கரண்ட்டையும் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளையும் ஒன்றாக இணைத்த பயிற்சி இது. நீங்களே நோயாளியாக இருக்கலாம். அல்லது நோயாளியை ஆட்டோவில் ஏற்றி இறக்கும் மனைவியாகவோ மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். இருவருக்குமாகவே எழுதியிருக்கிறது.

முதலிலேயே ஒரு விதியை மனதில் வையுங்கள்: பெடலை மிதிப்பது நோயாளியின் வேலை, கரண்ட்டுக்குத் துணை வேலைதான். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த விதியைக் காப்பாற்றத்தான்.

எது இந்தப் பயிற்சி, எது இல்லை

பிசியோதெரபி பிரிவுகளில் மூன்று வகைக் கருவிகளைப் பார்ப்பீர்கள்.

1. கரண்ட் பெட்டி. தசையைச் சில விநாடி சுருக்கும், சில விநாடி விடும். படுத்தபடியே வைப்பது. இது மட்டும் சைக்கிள் பயிற்சி ஆகாது.
2. மோட்டார் பெடல். நாற்காலிக்கு முன்னால் வைப்பார்கள். கால் சும்மா இருந்தாலும் மோட்டார் சுற்றிவிடும்.
3. இரண்டும் இணைந்தது. பெடல் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். முழங்கால் நீள வேண்டிய இடத்தில் முன்தொடைத் தசைக்கும், மடங்க வேண்டிய இடத்தில் பின்தொடைத் தசைக்கும் கரண்ட் போகும். ஆர்டி 300, மோட்டோமெட்டுடன் சேரும் ரீஹாமூவ் ஆகியவை இந்த வகை.

நாம் பேசுவது மூன்றாவதைப் பற்றி. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தான் வீச்சு கூடும்; நேரம் தவறினால் ஆடுபவரைத் தடுக்கும். தசைக்குக் கொடுக்கும் கரண்ட்டும் அப்படித்தான்.

பலன் உண்டா? இத்தாலியில் நடந்து, 2011-இல் 'ஸ்ட்ரோக்' இதழில் வெளியான ஆய்வில் 35 நோயாளிகள் இருந்தார்கள். 4 வாரம், 20 அமர்வு, அமர்வுக்கு 25 நிமிடம். உண்மையான கரண்ட்டுடன் மிதித்தவர்களுக்கு, பெயரளவுக்குக் கரண்ட் வைக்கப்பட்டவர்களைவிடக் காலின் பலம் கூடியது. ஆனால் இது நடைப்பயிற்சிக்கு மாற்று அல்ல. நடைக்குக் காலைத் தயார்ப்படுத்தும் பயிற்சி, அவ்வளவுதான்.

தொடங்குவதற்கு முன்: யாருக்கு வேண்டாம்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும், மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை கரண்ட் கொடுக்கும் பேடைக் காலில் ஒட்ட விடாதீர்கள்.

- பேஸ்மேக்கரோ, நெஞ்சுக்குள் பொருத்திய வேறு மின்கருவியோ இருப்பது.
- கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலிப்பது. ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். மிதித்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு.
- பக்கவாதத்துக்குப் பின் வலிப்பு வந்து, இன்னும் கட்டுக்குள் வராதது.
- பேட் ஒட்டும் இடத்தில் புண், கொப்புளம், படை, அல்லது புற்றுநோய்க் கட்டி.
- இன்னும் ஒன்றுசேராத எலும்பு முறிவு.
- கர்ப்பம்.
- சமீபத்தில் மாரடைப்பு, ஓய்விலும் நெஞ்சுவலி, கட்டுக்கடங்காத இதயத் துடிப்பு.

இடுப்பில் பிளேட், முழங்காலில் மாற்று மூட்டு இருந்தால் தடை என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் மறைக்கவும் வேண்டாம். பழைய எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு போங்கள்.

எப்போது தொடங்கலாம்? 'சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் எழுந்துவிடுவார்' என்று முதல் நாளே அவசரப்படாதீர்கள். 2015-இல் 'லான்செட்' இதழில் வெளியான அவெர்ட் ஆய்வில் 2,104 பேர் சேர்க்கப்பட்டார்கள். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி, அதிக நேரம் நடமாட வைக்கப்பட்டவர்களில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். ரத்த அழுத்தம் நிலைப்பட்டு, சாய்மானத்துடன் 30 நிமிடம் உட்கார முடிந்து, மருத்துவரும் அனுமதித்த பிறகு தொடங்குவதே முறை.

மதுரையில் எப்படித் தேடுவது

கோரிப்பாளையத்தில் இருக்கும் அரசு இராசாசி மருத்துவமனையிலிருந்து, நம் ஊர் வழக்கில் பெரியாஸ்பத்திரியிலிருந்து, தொடங்குங்கள். நரம்பியல் பிரிவில் காட்டி, பிசியோதெரபிக்கு எழுதி வாங்குங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இருப்பவர்கள் தினமும் நகரத்துக்கு வர முடியாதென்றால், அங்குள்ள அரசு மருத்துவமனையில் தொடர்பயிற்சிக்கு வழி உண்டா என்று அந்தச் சீட்டோடு கேளுங்கள்.

படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தரப்படுகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். இணைப்பு சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். ஆனால் உட்காருவது, எழுவது, கால் மடக்குவது போன்ற அடிப்படைகளைக் கற்றுத் தருவார்கள். சைக்கிளில் ஏறும் தகுதி அங்கிருந்துதான் வரும்.

தனியார் மையத்துக்குப் போவதானால் பணம் கட்டுமுன் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. கரண்ட், பெடலின் கோணத்தோடு சேர்ந்து வருகிறதா, தனியாக வருகிறதா?
2. எத்தனை தசைகளுக்கு ஒரே நேரத்தில் வைக்க முடியும்?
3. அமர்வு முழுக்கப் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருப்பாரா?
4. இடது கால் எவ்வளவு, வலது கால் எவ்வளவு மிதித்தது என்று திரையில் காட்டுமா?
5. பேட் எனக்கென்று தனியா, எல்லோருக்கும் பொதுவா?

மூன்றாவது கேள்விக்கு 'ஆன் செய்துவிட்டுப் போய்விடுவோம்' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். பேட் பொது என்றால் சொந்தமாக ஒரு செட் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன் வீட்டில் செய்ய வேண்டியவை

- எண்ணெய் வேண்டாம். தைலம் தேய்ப்பதை அன்று மாலைக்குத் தள்ளிப்போடுங்கள். எண்ணெய்த் தோலில் பேட் பாதிதான் ஒட்டும். ஒட்டிய பாதியில் கரண்ட் குவிந்து எரியும்.
- முடி. அடர்த்தியாக இருந்தால் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள். பிளேடால் மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் சுரீர் என்று இருக்கும்.
- உடை. வேட்டியும் புடவையும் பெடலில் சிக்கும். ஆண்களுக்கு அரைக்கால் சட்டை போதும். பெண்களுக்கு முட்டிக்கு மேல் சுருட்ட முடிகிற தொளதொள பேண்ட் நல்லது. தொடையில் பேட் ஒட்ட வேண்டியிருப்பதால் பெண் பிசியோதெரபிஸ்ட்டையும் திரையையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.
- நகை. கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண் மூன்றையும் கழற்றி வையுங்கள்.
- மாத்திரை. 'ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறோம்' என்று காலை பிரஷர் மாத்திரையை விடாதீர்கள்.
- சாப்பாடு. ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் வந்து, அப்படியே சைக்கிளில் ஏறுவது சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஏறுவது நல்லது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை 100-க்குக் கீழ் இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ கொடுத்து, சற்றுப் பொறுத்து மறுபடி பாருங்கள்.

> வெயில் குறிப்பு: கத்திரி நாட்களில் பஸ்ஸில் வந்து இறங்கியவரை உடனே உட்கார வைக்காதீர்கள். கால் மணி நேரம் மின்விசிறிக்கடியில் ஓய்வு, தண்ணீர், அதன் பிறகே பிரஷர் பார்ப்பது. பிரஷர் இருப்பவருக்கு மோர் கொடுத்தால் உப்பில்லாமல் கொடுங்கள். முடிந்தால் காலை 10 மணிக்குள் நேரம் வாங்குங்கள்.

ஒரு அமர்வு, படிப்படியாக

பேட் ஒட்டுவதும் அளவு வைப்பதும் பிசியோதெரபிஸ்ட்டின் வேலை. ஆனால் ஒவ்வொரு படியும் ஏன் என்று தெரிந்தால் தவறு நடக்கும்போது உங்கள் கண்ணில் படும்.

1. பிரஷர், நாடி. 180/110-க்கு மேல் இருந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் மருத்துவர் இதைவிடக் குறைந்த எல்லை சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.

2. நாற்காலி. சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, பின்பக்கம் சுவரில் படும்படி நிறுத்துங்கள். பெடல் மிக எட்டத்தில் இருக்கும்போதும் முழங்கால் கொஞ்சம், அதாவது 10 முதல் 15 டிகிரி, மடங்கியிருக்க வேண்டும். விறைப்பாக நீண்டால் மூட்டு பின்பக்கம் வளையும்.

3. கால் கட்டு. பாதத்தைப் பெடல் காலணியில் வைத்து, குதிகால் பின்னால் முட்டும்படி பட்டையைக் கட்டுங்கள். கெண்டைக்காலுக்குத் தாங்கி இருந்தால் அதையும் போடுங்கள். பாதிக்கப்பட்ட முழங்கால் வெளிப்பக்கம் சாயும் வழக்கமுள்ளது.

4. கை. செயலிழந்த கை தொங்கக் கூடாது. தோள்மூட்டு இறங்கியிருப்பவருக்கு மடியில் தலையணை வைத்து அதன் மேல் கையை வையுங்கள்.

5. தோல். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் உணர்ச்சியைப் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டால் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவருக்குச் சூடு தெரியாது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை தோலைப் பார்க்க வேண்டும்.

6. பேட். முன்தொடைக்கு ஒன்று மேலே வெளிப்புறமும், மற்றொன்று முட்டிச் சில்லுக்கு நான்கு விரல் மேலே உட்புறமும் வரும். பின்தொடைக்கு ஒன்று புட்டத்தின் மடிப்புக்குக் கீழே, மற்றொன்று முழங்கால் மடிப்புக்கு மேலே. பாதம் தொங்குபவருக்கு முழங்காலுக்குக் கீழ் வெளிப்புற எலும்பு முண்டுக்கு அருகில் ஒன்றும் கணுக்கால் பக்கமாக இறங்கி முன்னங்காலில் ஒன்றும் வைப்பார்கள். தொடைக்கு 5 × 9 செ.மீ., முன்னங்காலுக்கு 5 × 5 செ.மீ. அளவு பேட்கள் வழக்கம். முதல் நாள் இடத்தைப் போனில் படம் எடுத்துவையுங்கள். ஆள் மாறினாலும் இடம் மாறாது.

7. அடையாளம் பேசிக்கொள்ளுங்கள். பேச்சு போனவருக்கு 'போதும்' என்று சொல்ல நல்ல கையைத் தூக்கினால் போதும். பேசுபவருக்கு இரண்டு சொல் கற்றுக்கொடுங்கள்: 'குறுகுறுங்குது' என்றால் சரி, 'எரியுது' என்றால் நிறுத்து.

8. சும்மா சுற்றல். 2 முதல் 3 நிமிடம் கரண்ட் இல்லாமல் மோட்டார் மெல்லச் சுற்றட்டும். இறுகியிருந்த கால் தளரும்.

9. கரண்ட்டை ஏற்றுதல். ஒவ்வொரு தசையாக, பூஜ்யத்திலிருந்து. முதலில் குறுகுறுப்பு, பிறகு தசை துடிப்பது, பிறகு திடமாகத் திரள்வது. வலி வருமுன் நிறுத்த வேண்டும். அதிர்வெண் 20 முதல் 50 ஹெர்ட்ஸுக்குள்ளும் துடிப்பின் அகலம் 200 முதல் 400 மைக்ரோ விநாடிக்குள்ளும் வைப்பது வழக்கம். மில்லி ஆம்பியர் ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்துப் படுக்கைக்காரரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

10. மிதித்தல். நிமிடத்துக்கு 30 முதல் 40 சுற்று. தசை திரளும் அதே நொடியில் 'இப்ப மிதிங்கப்பா… விட்ருங்க… இப்ப மிதிங்க' என்று சொல்லிக்கொண்டே இருங்கள். டிவியை அணையுங்கள்.

11. சோதனை. 5 நிமிடத்துக்கு ஒருமுறை கரண்ட்டைச் சில விநாடி குறைக்கச் சொல்லுங்கள். சுற்று அப்படியே போனால் கால் உழைக்கிறது. உடனே தளர்ந்தால் கரண்ட்டும் மோட்டாரும்தான் உழைத்தன. மறுபடி வாய்விட்டுச் சொல்லி மிதிக்க வையுங்கள்.

12. இறக்கம். கரண்ட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து 2 நிமிடம் மெல்லச் சுற்றி நிறுத்துங்கள். பேடின் ஓரத்தைப் பிடித்து உரியுங்கள், ஒயரை இழுக்காதீர்கள். தோல் லேசாகச் சிவந்து ஒரு மணி நேரத்துக்குள் மறைந்தால் கவலையில்லை. கொப்புளம் வந்தால் அது ஆறும்வரை அந்த இடத்தில் பேட் வேண்டாம்.

13. உடனே நிற்க வையுங்கள். இதை விடவே கூடாது. 5 நிமிட ஓய்வுக்குப் பின் கம்பியைப் பிடித்து உட்கார்ந்து எழுதல் 5 முறை, முடிந்தால் சில அடி நடை. விழித்த தசைக்கு அப்போதே நிற்கும் வேலையைக் கொடுத்தால்தான் மிதித்தது நடைக்கு உதவும்.

நான்கு வாரக் கணக்கு

- முதல் வாரம்: 3 நாள், கரண்ட்டுடன் 10 நிமிடம். பெடலில் எதிர்ப்பு எதுவும் வேண்டாம்.
- இரண்டாம் வாரம்: 3 அல்லது 4 நாள்; 15 நிமிடம்.
- மூன்றாம் வாரம்: 4 அல்லது 5 நாள், 20 நிமிடம். இரு கால்களின் பங்கும் நெருங்கி வந்தால் மட்டும் லேசான எதிர்ப்பு.
- நான்காம் வாரம்: 5 நாள், 25 நிமிடம்.

மிதிக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி வார்த்தை வார்த்தையாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். நாடியை மட்டும் நம்பாதீர்கள். சில பிரஷர் மாத்திரைகள் நாடி ஏறாமல் பிடித்துவைக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

நல்ல காலே எல்லாம் மிதிப்பது. பார்ப்பவருக்கு நன்றாக ஓட்டுவது போலத் தெரியும். திரையில் 80–20 என்று இருந்தால் பாதிக்கப்பட்ட கால் சவாரி செய்கிறது என்று பொருள். நல்ல காலைத் தளர்த்தச் சொல்லுங்கள். இலக்கு 50–50.

கூடுதல் கரண்ட், கூடுதல் பலன் என்ற எண்ணம். அளவு மீறினால் தசை சீக்கிரம் களைக்கும், விறைப்பும் கூடலாம்.

காய்ந்த பேட். ஓரம் தூக்கிய பேடை டேப் போட்டு ஒட்டாதீர்கள். சில துளி தண்ணீர் தொட்டும் ஒட்டவில்லை என்றால் மாற்றுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியில் விட்டுவைக்காமல், பிளாஸ்டிக் தாளில் ஒட்டி மூடிய உறையில் வையுங்கள்.

பக்கத்தில் டயாதெர்மி. சூடு வைக்கும் ஷார்ட்வேவ் கருவி அருகில் ஓடினால் கரண்ட்டின் அளவு தாறுமாறாகலாம். அது நிற்கும்வரை காத்திருங்கள், அல்லது வேறு அறை கேளுங்கள்.

ஜங்ஷன் பாக்ஸ். கருவியை எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில் நேரடியாகச் செருக வேண்டும். தரை துடைத்த ஈரம் காயட்டும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பழைய அளவிலேயே தொடராமல், பூஜ்யத்திலிருந்து ஏற்றச் சொல்லுங்கள்.

ஒத்திவைப்பு. கல்யாணம், திருவிழா என்று இரண்டு வாரம் விட்டால் பழைய நிமிடத்திலிருந்து தொடங்காதீர்கள். ஒரு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

- நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, திடீர் மூச்சுத்திணறல்.
- வாய் கோணுதல், பேச்சு குழறுதல், நல்ல பக்கம் பலம் குறைதல், திடீர்க் கடும் தலைவலி. இது இன்னொரு பக்கவாதமாக இருக்கலாம். மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள்.
- வலிப்பு.
- குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், குழப்பம். சர்க்கரை இறங்கியிருக்கலாம். விழுங்க முடிந்தவருக்கு மட்டும் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.
- கால் வெட்டி இழுத்துப் பெடலை எதிர்ப்பது. முதலில் கரண்ட், பிறகு மோட்டார் என்று அணைத்து, காலை மெல்ல மடக்கிப் பிடியுங்கள்.

சிவப்பு நிறுத்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு, ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இணைப்பு சைக்கிள் கிடைக்காதவர்களுக்கு

இந்தக் கருவி பல லட்சம் ரூபாய் விலை. சோழவந்தானிலோ பேரையூரிலோ இருந்துகொண்டு தினமும் அதைத் தேடிப் போக முடியாது. அதற்காக எதுவும் செய்யாமல் இருக்க வேண்டியதில்லை.

1. சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும் சிறிய பெடல் கருவியை வாங்கி, நகராதபடி சுவரோரம் ரப்பர் விரிப்பில் வையுங்கள்.
2. முதுகுச் சாய்வும் கைப்பிடியும் உள்ள கனமான நாற்காலியில் உட்கார வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம்.
3. பாதத்தைப் பெடலோடு அகலமான ஒட்டுப் பட்டையால் கட்டுங்கள். கயிறு வேண்டாம்.
4. காலை 5 நிமிடம், மாலை 5 நிமிடம். நல்ல கால் முந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
5. முடிந்ததும் உட்கார்ந்து எழுதல்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஆன்லைனில் வாங்கிய வலி நிவாரண டென்ஸ் பெட்டியைக் காலில் ஒட்டிக்கொண்டு பெடல் மிதிப்பது. அதற்குப் பெடலின் கோணம் தெரியாது. நீள வேண்டிய நேரத்தில் மடக்கிவிடும்.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது எப்படி

ஒரு நோட்டில் தேதி, பிரஷர், நிமிடம், இடது–வலது பங்கு ஆகிய நான்கையும் எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு அளவு எடுங்கள்: 30 விநாடியில் எத்தனை முறை உட்கார்ந்து எழுகிறார், 10 மீட்டர் நடக்க எத்தனை விநாடி ஆகிறது. நடக்கும்போது ஒருவர் பாதிக்கப்பட்ட பக்கம் கூடவே வர வேண்டும்.

பெடலில் எண் ஏறி, இந்த இரண்டும் அசையாமல் இருந்தால் நிமிடங்களைக் கூட்டாதீர்கள். அந்த நேரத்தை நிற்கவும் நடக்கவும் கொடுக்கச் சொல்லிப் பிசியோதெரபிஸ்ட்டிடம் நோட்டைக் காட்டுங்கள். இரண்டும் முன்னேறினால் அடுத்த நான்கு வாரத்துக்குத் தொடருங்கள். பிடிமானம் இல்லாமல் எழுந்து, துணையோடு வாசல்வரை நடக்கத் தொடங்கிவிட்டால் சைக்கிளைக் குறைத்து நடைக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். அதற்கான பயிற்சிகள் அடுத்த அத்தியாயத்தில்.